டெம்ப்ஸ்டர் கல் றோட்டுக்குப் போகும் மோட்டர்ஹோம்: வெளி உடம்பைக் காப்பாற்ற என்ன செய்யலாம்?

சங்குப்பிட்டி (ஸ்காபரோ)

எல்லோருக்கும் வணக்கம். வருகிற யூலையில் குடும்பத்தோடு கனடாவின் வடமேற்கு மூலையில் இருக்கிற யூக்கொன் போகிறோம். டோசன் சிற்றிப் பக்கம் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலையில் ஏறி இனுவிக், அங்கிருந்து ஆர்க்டிக் கடற்கரையில் டுக்டோயாக்டக் வரைக்கும் திட்டம். வண்டி ஃபோர்ட் ஈ-450 மேல் கட்டிய 28 அடி கிளாஸ் சி, அதாவது உள்ளே படுக்கையும் சமையலறையும் உள்ள நடுத்தர மோட்டர்ஹோம். பின்னால் ஒரு சின்னக் காரும் இழுபடும். பாவித்த வண்டிதான், ஆனால் முந்திய சொந்தக்காரர் கண்ணும் கருத்துமாக வைத்திருந்திருக்கிறார். ஃபைபர்கிளாஸ் இன்னும் முகம் தெரியும் அளவுக்கு மினுங்குகிறது. அதைக் கல்லடிக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

இங்கே ஒரு டீட்டெயிலிங் கடையில் கேட்டேன். வண்டி முழுக்க செராமிக் கோட்டிங், முன்பக்கம் முழுக்க பிபிஎஃப் என்கிற பெயிண்ட் காப்புப் படலம் என்று ஒரு விலை சொன்னார்கள். அந்தக் காசுக்குக் குடும்பமே ஊருக்குப் போய் வரலாம். உண்மையாகவே இவ்வளவும் தேவையா? மனைவி கேட்கிறார், றோட்டில் ஓடுவதற்குத்தானே வண்டி வாங்கினது என்று. அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

லொறிக்கார மாமா (எட்மன்ரன்)

தம்பி, கடைக்காரனுக்குப் பதில் சொல்ல முதல் அந்த றோட்டு என்ன மாதிரியானது என்று தெரிந்துகொள்ளும்.

டெம்ப்ஸ்டர் ஏறத்தாழ 740 கிலோமீற்றர். 1979இல் திறந்தது, இன்றைக்கும் அநேகமாக முழுக்கக் கல் றோட்டுத்தான். காசில்லாமல் தார் போடாமல் விடவில்லை. கீழே இருப்பது நிரந்தர உறைநிலம். அது உருகினால் றோட்டு அமிழும். அதனால் நிலத்துக்கு மேல் தடிப்பாகக் கல்லைக் கொட்டி, அந்த மேட்டின் மேல்தான் வாகனம் ஓடுகிறது. சில பகுதிகளில் கொட்டியிருப்பது பலகைக் கல் உடைந்த துண்டுகள், விளிம்பெல்லாம் கத்தி மாதிரி. இனுவிக்கில் இருந்து டுக்டோயாக்டக் வரையான மிச்ச 138 கிலோமீற்றர் 2017 நவம்பரில்தான் திறந்தது. அதுவும் கல்தான்.

கல் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பாரும். எல்லோரும் எதிரே வரும் லொறியைத்தான் திட்டுவார்கள் (எங்களைத்தான்!). ஆனால் உம்முடைய வண்டியின் கீழ்ப்பாதியை நாசமாக்குவது உம்முடைய ரயர்தான். முன் ரயர் எறிகிற கல் அதற்குப் பின்னால் இருக்கிற கீழ் ஓரத்தில், படிக்கட்டில், காஸ் தாங்கியில், கழிவுத் தண்ணீர் வால்வில் அடிக்கும். பின் ரயர் எறிகிறது இழுத்து வருகிற காரின் முகத்தில். இதற்குச் செராமிக் பூசி என்ன, சந்தனம் பூசி என்ன?

எதிரே வருகிற லொறி விஷயத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. அது கிளப்பிவிடுகிற கல் பெரும்பாலும் மேலே எழும்பி, கொஞ்ச நேரம் அந்தரத்தில்தான் நிற்கும். நீர்தான் ஓடிப்போய் அதில் மோதுகிறீர். அடியின் பலம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 90இல் போய் மோதுவதற்கும் 40இல் மோதுவதற்கும் ஐந்து மடங்கு வித்தியாசம். தூரத்தில் புழுதி தெரிந்த உடனே காலை எடுத்து, வலப்பக்கம் ஒதுங்கி, ஊர்ந்து போம். இதுக்கு ஒரு சதமும் செலவில்லை. ஒதுங்குகிறேன் என்று ஓரத்து மண்ணில் சக்கரத்தை இறக்கிவிட வேண்டாம், அது உள்வாங்கும்.

கோவைக்காரன் (கல்கரி)

நான் பாடி ஷாப்பில் பெயிண்ட் வேலை பார்க்கிறவன். மாமா சொன்னது சரி. கடைக்காரர் சொன்ன இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம், அதை மட்டும் கொஞ்சம் விளக்குகிறேன்.

செராமிக் கோட்டிங் காய்ந்த பிறகு சில மைக்ரான் தடிமன்தான். பூச்சி, சேறு ஒட்டாமல் சுலபமாகக் கழுவ உதவும், வெயிலில் வெளுப்பதைக் கொஞ்சம் தள்ளிப்போடும். கல்லை நிறுத்தாது. நிறுத்தும் என்று யாராவது சொன்னால், அவர் கடை பானட்டிலேயே ஒரு ஜல்லியைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

பிபிஎஃப் வேறு சங்கதி. அது யூரிதேன் படலம், வழக்கமாக 8 மில், அதாவது சுமார் 200 மைக்ரான். ரப்பர் போல அமுங்கி, அடியை வாங்கிக்கொள்ளும். வியட்நாம் போர்க்காலத்தில் ஹெலிகாப்டர் இறக்கைகளின் விளிம்பைக் காக்க வந்த சரக்குதான் பிறகு காருக்கு இறங்கியது. சின்னக் கல்லுக்கு நன்றாகவே தாங்கும். மாமா சொல்கிற கத்தி மாதிரி கல்லை முழுக்கத் தாங்கும் என்று நான் எழுதித் தர மாட்டேன்.

ஆனால் காரில் ஒட்டுவதும் மோட்டார்ஹோமில் ஒட்டுவதும் ஒன்றல்ல. உங்கள் வண்டியின் ஃபைபர்கிளாஸ் பகுதிகளில் பெரும்பாலும் பெயிண்ட் இல்லை, ஜெல்கோட் என்கிற பிசின் மேல்தோல். வெயில் பட்டுப் பட்டு அது சுண்ணாம்பு மாதிரி பொடியாகும். கறுப்புத் துணியால் ஓரிடத்தில் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். வெள்ளைப் பொடி ஒட்டினால் அதன் மேல் படலம் நிற்காது, முதலில் காம்பவுண்ட் என்கிற தேய்க்கும் பசை போட்டு நல்ல ஜெல்கோட் வரைக்கும் தேய்த்து எடுக்க வேண்டும். இன்னொன்று, பக்கவாட்டில் ஓடும் வண்ண ஸ்டிக்கர் கோடுகள். அவற்றின் மேல் படலம் ஒட்டினால், சில வருஷம் கழித்து உரிக்கும்போது ஸ்டிக்கரும் கூடவே வரும். பழைய ஸ்டிக்கர் என்றால் வெடித்து வெடித்து வரும், அதைச் சுரண்டி எடுப்பது தனி நரகம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஓட்டுநருக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கிற அந்த நெற்றிக்கும், பானட்டின் முன் விளிம்புக்கும், ஹெட்லைட்டுக்கும் மட்டும் படலம் போடுவேன். கீழ் ஓரத்துக்குப் பிக்கப் டிரக் தொட்டியில் அடிப்பார்களே, அந்த பெட்லைனர் ஸ்ப்ரே. கறுப்பாக, சொரசொரப்பாக இருக்கும், அழகில்லை. கல்லடிக்கு அதை மிஞ்ச ஆளில்லை. அடிக்கும் முன் அந்தப் பகுதியை நன்றாக உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தகடு தகடாக உரியும்.

சங்குப்பிட்டி

இரண்டு பேருக்கும் நன்றி. கறுப்புத் துணி வைத்துப் பார்த்தேன். முன்பக்கம் சுத்தம், கூரை ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பொடி வருகிறது. மினுக்கத்துக்கு முந்திய சொந்தக்காரர் என்ன பூசினார் என்று கேட்டேன். நிலத்துக்குப் பூசுகிற அக்ரிலிக் மெருகு என்றார்! பள்ளிக்கூடத் தாழ்வாரத்துக்குப் பூசுவதாம். பயமாக இருக்கிறது.

மல்லிகா அக்கா (ஒஷாவா)

பயப்படாதே தம்பி, அது மோட்டர்ஹோம் வைத்திருக்கிற ஆட்களிடையே பழைய சண்டை. பாதிப் பேர் கும்பிடுவார்கள், பாதிப் பேர் திட்டுவார்கள். மங்கிப்போன ஜெல்கோட்டை நன்றாகக் கழுவித் தேய்த்து, மெல்லிய பூச்சாகப் பல தரம் பூசினால் கண்ணாடி மாதிரி வரும். சுத்தம் பண்ணாமல் பூசினாலோ, கவனிக்காமல் விட்டாலோ மஞ்சளாகித் தோல் உரிகிற மாதிரி உரியும். அமோனியா கலந்த கிளீனர் பட்டால் கரைந்து போகும், எடுக்க வேண்டுமென்றாலும் அதற்கென்று இருக்கிற ஸ்ட்ரிப்பரால் எடுக்கலாம். ஆனால் படலம் ஒட்டப் போகிறாய் என்றால் அந்த இடங்களில் இதை முழுக்க எடுத்தே ஆக வேண்டும். கடைக்காரருக்குக் கட்டாயம் சொல்லு. சொல்லாமல் விட்டால் படலம் மெருகில்தான் ஒட்டும், வண்டியில் இல்லை.

முகப்புக்கு வினைல் துணியில் ஒரு மூடி விற்கிறார்கள், "பிரா" என்பார்கள். அதை வாங்காதே. உள்ளே புழுதி புகுந்து, காற்றில் அது படபடத்து அடிக்க, உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி வரும். மழை பெய்தால் ஈரமும் உள்ளேயே நிற்கும்.

வடக்குத்தி (வைட்ஹோர்ஸ்)

ஒருவழியாக எங்கள் ஊர்ப் பக்கம் யாரோ வருகிறார்கள்! நான் இங்கே நேர்ஸ் வேலை, வேலை விஷயமாக அந்த றோட்டில் போய் வருகிறவள். எல்லோரும் மினுக்கத்தைப் பற்றியே கதைக்கிறீர்கள். நான் வேறு விதமாகப் பார்க்கிறேன்.

ஃபைபர்கிளாஸில் கல் பட்டுச் சின்னத் துண்டு தெறித்தால் அது வடு மட்டும்தான். இரும்பு மாதிரித் துருப்பிடிக்காது. ஜெல்கோட் பசை வாங்கி நிரப்பிவிடலாம், பிறகு செய்தாலும் பரவாயில்லை. ஆனால் நெற்றியில் வரிசையாக இருக்கிற அந்தச் சின்னச் செம்மஞ்சள் மார்க்கர் லைட்டுகளில் ஒன்று உடைந்து, யாரும் கவனிக்காமல் இரண்டு நாள் மழையில் ஓடினால் கதை வேறு. தண்ணீர் உள்ளே இறங்கும். அந்த ஃபைபர்கிளாஸ் தோலுக்குப் பின்னால் ஒட்டியிருப்பது மெல்லிய ஒட்டுப்பலகை. அது நனைந்து ஊதினால் வெளித்தோல் கொப்புளம் போட்டுக் கழன்று வரும். பிறகு முழுச் சுவரையும் மாற்ற வேண்டிவரும். நெற்றியில் கண்ணாடி யன்னல் இருந்தால் அதுவும் இதே கேஸ்தான். சக்கரத்துக்கு மேலே உள்பக்கம் இருக்கிற மூடியையும் குனிந்து பாருங்கள். பல வண்டிகளில் அது மெல்லிய பிளாஸ்டிக்தான். கல் துளைத்தால் சேற்றுத் தண்ணீர் நேரே தரைப் பலகைக்குப் போகும்.

ஆகவே காசு செலவழிக்கிற வரிசையை மாற்றுங்கள். முதலில் எது உடைந்தால் தண்ணீர் உள்ளே போகும், எது உடைந்தால் வண்டி நடுவழியில் நிற்கும் என்று பாருங்கள். பிறகுதான் அழகு.

இங்கே ஆட்கள் செய்வதைச் சொல்கிறேன். தேர்தல் நேரம் புல்தரையில் நடுவார்களே, அந்தப் பெயர்ப்பலகைப் பிளாஸ்டிக், கொரோபிளாஸ்ட். நாலுக்கு எட்டு அடித் தகடாக வன்பொருள் கடையில் கிடைக்கும். அதை வெட்டி நெற்றி யன்னலுக்கும் மார்க்கர் லைட் வரிசைக்கும் மேல் பொருத்துவார்கள். லைட் எரிவது தெரிய வேண்டும், அந்த இடத்துக்குத் தெளிவான பிளாஸ்டிக் வையுங்கள். கிறில்லுக்கு உள்பக்கம், ரேடியேற்றரைத் தொடாமல் கொஞ்சம் தள்ளி, கால் அங்குலக் கண் உள்ள கம்பி வலை. அட்டையோ தகடோ வைத்து அடைத்துவிடாதீர்கள், என்ஜின் கொதிக்கும். காஸ் தாங்கியின் முன்பக்கத்துக்கும் கழிவு வால்வுகளுக்கும் பழைய ரப்பர் பாய், தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற நுரை உறை, இறுக்கிக் கட்ட சிப் ரை என்கிற பிளாஸ்டிக் பட்டி, முடிந்தது. புகைக்குழாயில் இருந்து தள்ளியே கட்டுங்கள், ரப்பர் எரிந்தால் அது இன்னொரு கதை. சக்கரத்துக்குப் பின்னால் நல்ல கனமான மண்தட்டி. உங்கள் மொடலுக்கு முன் சக்கரத்தில் மண்தட்டி இருக்கிறதா என்று பாருங்கள், பல வண்டிகளில் பெயருக்குத்தான் ஒன்று இருக்கும்.

சேறு பற்றி யாரும் சொல்லவில்லையே! புழுதி கிளம்பாமல் இருக்க றோட்டில் கல்சியம் குளோரைட் போடுகிறார்கள். அது காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும் உப்பு. மழை பெய்தால் சாம்பல் நிறச் சாந்து மாதிரி வண்டி முழுக்க அப்பும், காய்ந்தால் சீமெந்து. அதைத் துணியால் துடைத்தால் போச்சு, கீறிக்கொண்டே வரும். தண்ணீரால் ஊறவைத்து, அடிப்பக்கம் உட்படக் கழுவி எடுக்க வேண்டும். டோசனுக்குத் திரும்பின அன்றைக்கே கழுவுங்கள், ரொறொன்ரோ போய்ப் பார்க்கலாம் என்று வைக்க வேண்டாம். கார் இழுக்கிற வயர் செருகியில் போக முதலே மின்னிணைப்புக்கான கிறீஸ் பூசுங்கள், அதைத்தான் உப்பு முதலில் தின்னும்.

லொறிக்கார மாமா

பிள்ளை நல்ல விளக்கமாக எழுதியிருக்கிறது. ஒன்று சேர்க்கிறேன். ஈ-450க்குப் பின்னால் இரட்டை ரயர். இரண்டுக்கும் நடுவில் கல் சிக்கும். சிக்கின கல் ஓடும்போது இரண்டு ரயரின் பக்கச் சுவரையும் அரைத்துக்கொண்டே இருக்கும், தெறித்தால் பின்னால் வருகிற ஆளின் கண்ணாடியில். நிறுத்துகிற இடமெல்லாம் எட்டிப் பார்த்து, ஒரு கம்பியால் கிண்டி எடும்.

மெல்பேர்ண் குமரன்

ஆஸ்திரேலியாவில் இருந்து எழுதுகிறேன், இங்கே நாங்கள் கரவன் இழுத்துக்கொண்டு செம்மண் றோட்டுகளில் போகிறவர்கள். இழுத்து வருகிற கார் விஷயத்தில் இங்கே எல்லோருக்கும் பழக்கமான ஒரு விநோதம் உண்டு. முன்னால் போகிற வாகனம் எறிகிற கல் பின்னால் வருவதன் முகத்தில் பட்டு, திரும்பத் துள்ளி வந்து முன்னதின் பின் கண்ணாடியை உடைக்கும். யாரும் எறியாமலே கண்ணாடி போய்விட்டது என்று அதிசயப்படுவார்கள். அதனால் இங்கே இரண்டுக்கும் நடுவில் நீட்டிக் கட்டுகிற வலைகள் விற்கிறார்கள். கல் வலையில் பட்டுக் கீழே விழும். காரின் முன்னால் நிமிர்த்தி வைக்கிற கடினத் தட்டி வைத்தால் அது கொஞ்சம் சாய்ந்திருக்க வேண்டும், கல் நிலத்தைப் பார்த்துத் திரும்பும்படி.

மோட்டர்ஹோமின் பின் முழு அகலத்துக்கும் தொங்குகிற பெரிய ரப்பர் தட்டியைப் பலர் சிபாரிசு செய்வார்கள். எனக்கு அதில் அரை நம்பிக்கைதான். நிலத்தைத் தொடுகிற மாதிரி இருந்தால் அதுவே கல்லைக் கிளறும். உயரத்தில் இருந்தால் அடியில் காற்றுச் சுழன்று புழுதி முழுக்கக் காரின் முகத்தில்.

கோவைக்காரன்

குமரன் சார் சொல்வதைப் பார்த்தால் எனக்கு ஒரே கேள்வி: அந்தக் காரை ஏன் டெம்ப்ஸ்டர் மேல் இழுத்துப் போக வேண்டும்?

வடக்குத்தி

நானும் இதைத்தான் கேட்க வந்தேன். பலர் செய்வது இதற்கு நேர்மாறு. மோட்டர்ஹோமை டோசனிலேயே காம்ப் மைதானத்தில் விட்டுவிட்டு, கூடாரத்தோடு காரில் மேலே போவார்கள். கிலோமீற்றர் 71இல் டூம்ஸ்டோன் பூங்காவில் தங்கலாம். 369இல் ஈகிள் பிளேன்ஸில் விடுதியும் எண்ணெயும் இருக்கிறது. பீல் ஆற்றிலும் மக்கென்சி ஆற்றிலும் பாலம் இல்லை, கோடையில் படகில்தான் கடக்க வேண்டும். கரையில் இறங்குகிற கல்சரிவில் 28 அடி வண்டியின் பின் தொங்கல் (பின் சக்கரத்துக்கு அப்பால் நீட்டி நிற்கிற பகுதி) உரசுகிறதை நான் பார்த்திருக்கிறேன். கல்லடியைவிட அது பொல்லாதது.

சங்குப்பிட்டி

காரில் போகச் சொன்னால் பெடியள் துள்ளுவார்கள். மாமிக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, முழங்கால் வருத்தம், கூடாரத்தில் படுக்க வைக்க முடியாது. உள்ளே கழிவறை இருக்கிற வண்டிதான் அவவுக்குச் சரி. ஆகவே மோட்டர்ஹோம் மேலே போகும், கார் டோசனில் நிற்கும். மனைவிக்கும் இது சம்மதம். பின் தொங்கலுக்கு என்ன செய்யலாம்?

லொறிக்கார மாமா

அடியில் உருளைச் சக்கரம் பூட்டலாம், இல்லாவிட்டால் குறுக்கே ஒரு இரும்புச் சட்டம். உரசினால் இரும்பு உரசட்டும், ஃபைபர்கிளாஸ் தப்பும். கார் இழுக்கிற கொக்கியைக் கழற்றி உள்ளே வையும். படகில் ஏற முதல் வேலையாளிடம் வண்டியின் நீளத்தைச் சொன்னால் எந்தக் கோணத்தில் வர வேண்டும் என்று காட்டுவான். மாமியை இறக்கி நடக்க விட்டுவிடாதேயும், சேற்றில் வழுக்கும்.

ஃபுளோரிடா மாமா (மிசிசாகா)

நான் வடக்கே போகிற ஆள் இல்லை, தைப்பொங்கல் முடிந்த கையோடு தெற்கே ஓடுகிறவன். அதனால் கல்லைவிட உப்புத்தான் எனக்கு எதிரி. ஒன்ராறியோவில் றோட்டில் கொட்டுகிற உப்பு வண்டியின் அடிச்சட்டத்தைத் தின்கிற மாதிரி எந்தக் கல்லும் தின்னாது. வருடா வருடம் எண்ணெய் வகைத் துருத்தடுப்பு அடிப்பியுங்கள். கறுப்பு ரப்பர் மாதிரிக் கெட்டியாகப் பூசுவதை நான் விரும்புவதில்லை, ஓரத்தில் சின்ன வெடிப்பு விழுந்தால் ஈரத்தை உள்ளே பிடித்து வைத்து, மறைவில் துருப்பிடிக்கும். வெளியில் இருந்து பார்த்தால் புத்தம் புதிது!

தம்பியின் பயணத்துக்கும் இது பொருந்தும். கல்சியம் குளோரைட் றோட்டுக்குப் போக முதலே எண்ணெய் அடிப்பித்துவிட்டுப் போங்கள், வந்த பிறகு அல்ல. எண்ணெய் சொட்டும், நாலைந்து நாளைக்கு ட்ரைவ்வேயில் அட்டை போட்டு நிறுத்துங்கள். கூரை ரப்பரில் மட்டும் அந்த எண்ணெய் படக்கூடாது, பெற்றோலியச் சரக்குப் பட்டால் சில ரப்பர் ஊதிப்போகும்.

மல்லிகா அக்கா

கூரை என்றதும் ஞாபகம் வந்தது. அந்தக் குலுக்கலில் கூரை ஓரத்து சீலன்ற் (இடைவெளி அடைக்கிற பசை) வெடிக்கும். போக முதல் ஏணி வைத்து ஏறிப் பார்த்து, வெடித்த இடத்தில் கூரைக்கென்றே வருகிற சீலன்ற் போடு. வீட்டுக் குளியலறைக்குப் போடுகிற சிலிக்கோன் வேண்டாம், பிறகு அதன் மேல் எதுவும் ஒட்டாது.

சங்குப்பிட்டி

கடைசியாக ஒன்று. முன் கண்ணாடி? அதற்கு ஏதாவது படலம் உண்டா?

கோவைக்காரன்

உண்டு. ஆனால் வைப்பர் ஓடி ஓடிச் சீக்கிரமே கீறல் விழும், இரவில் எதிர் வெளிச்சம் சிதறும். நான் போட மாட்டேன். காப்புறுதியில் காம்ப்ரிஹென்சிவ் பகுதி (மோதல் அல்லாத சேதத்துக்கானது) இருக்கிறதா, கண்ணாடி உடைந்தால் உங்கள் கையிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டும், கல் ரோட்டுக்கு ஏதும் விலக்கு இருக்கிறதா என்று இப்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாடகை வண்டி என்றால் ஒப்பந்தத்திலேயே டெம்ப்ஸ்டர் கூடாது என்று பல கம்பெனிகள் போட்டிருப்பார்கள், உங்களுடையது சொந்த வண்டி என்பதால் அந்தத் தொல்லை இல்லை.

சின்னத் தெறிப்பு விழுந்தால் உடனே மேலே தெளிவான டேப் ஒட்டி, அழுக்கும் தண்ணீரும் போகாமல் மூடுங்கள். பிறகு ரெசின் ஏற்றினால் நன்றாகப் பிடிக்கும். காலையில் கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது ஹீட்டரை முழு வேகத்தில் திருப்பிவிடாதீர்கள், தெறிப்பு கோடாக ஓடிவிடும்.

வடக்குத்தி

இங்கே வெடிப்பில்லாத கண்ணாடியோடு ஓடுகிற வாகனத்தைக் கண்டால் புதுசாக வந்த ஆள் என்று தெரிந்துகொள்வோம். அலாஸ்கா நெடுஞ்சாலையில் புதிதாகச் சல்லிக்கல் தூவிய இடங்களையும் கவனியுங்கள். தார்தானே என்று வேகமாகப் போகிற இடம் அதுதான், டெம்ப்ஸ்டரில் தப்பின கண்ணாடி அங்கே போகும். வைட்ஹோர்ஸ் வரும்போது இங்கே ஒரு தகவல் போடுங்கள். கொரோபிளாஸ்ட் மிச்சம் வைத்திருக்கிறேன், மாமிக்கு இடியப்பமும் அவித்துத் தருகிறேன்.

சங்குப்பிட்டி

இடியப்பத்துக்காகவே வருகிறோம் அக்கா. நெற்றிக்கும் பானட் விளிம்புக்கும் ஹெட்லைட்டுக்கும் படலம், கீழ் ஓரத்துக்குப் பெட்லைனர், மார்க்கர் லைட் உதிரி ஒரு பெட்டி. செராமிக் வேண்டாம் என்று கடையில் சொல்லிவிட்டேன். கடைக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது, நிலத்து மெருகைச் சுரண்டி எடுக்கத் தனிக் கூலி கேட்கிறார். அதை நானே வீட்டில் எடுக்கலாமா, அக்கா?

மல்லிகா அக்கா

தாராளமாக. நிழலில் வைத்து, கையுறை போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஸ்ட்ரிப்பர் பூசி, காயவிடாமல் கழுவி எடு. ஸ்டிக்கர் ஓரத்தில் மட்டும் பஞ்சால் மெதுவாக. பெடியளையும் பிடித்து வேலைக்கு விடு.